கணக்கு அவர் பெயரில். ஓடிபி யாருடைய போனில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சம்பளம், கூலி, அரசு உதவித்தொகை எல்லாம் இப்போது பெண்களின் வங்கிக் கணக்குக்கே நேராக வந்துவிடுகிறது, அதனால் பணம் அவர்கள் கைக்குப் போய்விட்டது என்று மேடைதோறும் பேசுகிறார்கள். கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் அது சரிதான். அந்தக் கணக்கில் பதிவாகியிருக்கும் கைப்பேசி எண் யாருடையது என்று கேட்டுப் பார்த்தால்தான் நிலவரம் புரியும்.

2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தாங்களே பயன்படுத்தும் வங்கிக் கணக்கு உள்ள பெண்கள் 78.6 சதவீதம். தாங்களே பயன்படுத்தும் கைப்பேசி உள்ளவர்கள் 53.9 சதவீதம்தான். இடைவெளி ஏறக்குறைய 25 சதவீதப் புள்ளிகள். இந்தப் பெண்களில் பலரின் கணக்குகளில் எண் இல்லாமல் இல்லை. அது வேறொருவருடைய எண். 2014 ஆகஸ்டில் ஜன்தன் திட்டம் தொடங்கியபோது முகாம் போட்டுக் கணக்கு திறந்தார்கள். அந்தத் திட்டத்தின் கணக்குகளில் பாதிக்கு மேல் பெண்களுடையவை. "போன் நம்பர் சொல்லும்மா" என்று கேட்டதும், கணவரின் எண்ணையோ மகனின் எண்ணையோ சொல்லிவிட்டு வந்தவர்கள் ஏராளம். மில்களுக்கும் கட்டட வேலைக்கும் ஆள் எடுக்கும் ஒப்பந்தக்காரர்கள் மொத்தமாகக் கணக்கு திறக்கும்போது, சூப்பர்வைசரின் எண்ணையே எல்லாப் படிவத்திலும் எழுதிவிடுவதும் நடக்கிறது.

இதனால் என்ன கெட்டுப்போகிறது? யுபிஐ பதிவு எப்படி நடக்கிறது என்று பார்த்தால் தெரியும். செயலியை நிறுவியதும், வங்கியில் பதிவான எண்ணின் சிம் அந்த போனில் இருக்கிறதா என்று ஓர் எஸ்எம்எஸ் தானாகப் போய்ச் சரிபார்க்கும். அடுத்து ஏடிஎம் அட்டையின் கடைசி 6 இலக்கங்களும் காலாவதி மாதமும் வருடமும். பிறகு ஓர் ஓடிபி. முடிந்தது, புது யுபிஐ பின் போட்டுக்கொள்ளலாம். அட்டை வீட்டு பீரோவில், சிம் கணவரின் போனில் என்றால், கணக்குக்குச் சொந்தக்காரர் வேலையில் இருக்கும் நேரத்திலேயே இத்தனையும் நடந்து முடிந்துவிடும். பணம் போன தகவலும் அதே போனுக்குத்தான் வரும். பின் நம்பரை யாருக்கும் சொல்லாதீர்கள் என்ற விளம்பரம் இந்த இடத்தில் எதற்கும் பயன்படாது. அவர் பின் போட்டதே இல்லை, அப்புறம் எதைச் சொல்வது?

எனவே முதலில் சரிசெய்ய வேண்டியது எண். அதற்கு ஒரு வரிசை உண்டு. மாற்றிச் செய்தால் இரண்டு மூன்று முறை அலைய நேரிடும்.

முதலில் சிம். போன் கையில் இருந்தாலும் சிம் வேறொருவர் பெயரில் இருந்தால், அது தொலையும் நாளில் மாற்று சிம் வாங்க அவர்தான் கடைக்கு வர வேண்டும். பிரிந்து வாழும் பெண்களுக்கு இது பெரிய சிக்கல். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் எண்ணைக் கொடுத்து உள்ளே போனால், அதே அடையாளத்தில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று காட்டும். பெயரை மாற்ற இருவரும் அடையாள அட்டையோடு தொலைபேசி நிறுவனத்தின் சேவை மையத்துக்குப் போக வேண்டும். அது முடியாது என்றால் தன் ஆதாரில் புது சிம் வாங்கிவிடுவதே சுலபம். வாங்கிய சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் போட்டுவைக்கக் கூடாது. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத எண் துண்டிக்கப்பட்டு, பிறகு வேறொருவருக்குப் போய்விடலாம்.

இரண்டாவது ஆதார். ஆதார் சேவை மையத்தில் விரல்ரேகை வைத்து எண்ணை மாற்றலாம்; இதற்கு ஆவணம் எதுவும் கேட்கக் கூடாது, கட்டணம் மட்டும் உண்டு. மூன்றாவதுதான் வங்கி. பாஸ்புக், ஆதாருடன் கிளைக்கு நேரில் போய், எண் மாற்றும் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். ஏடிஎம் அட்டை இல்லாதவர்கள் ஆதார் ஓடிபி வழியாகவும் யுபிஐ பின் போடலாம். ஆனால் ஆதாரிலும் வங்கியிலும் ஒரே எண் இருந்தால்தான் அது நடக்கும். வங்கியில் மட்டும் மாற்றிவிட்டு, "ஏன் பின் போட முடியவில்லை" என்று திண்டாடுபவர்கள் பெரும்பாலும் சிக்குவது இங்கேதான்.

எண்ணை மாற்றியதோடு வேலை முடிவதில்லை. பழைய போனில் இருந்த யுபிஐ பதிவையும் மொபைல் பேங்கிங்கையும் நீக்கச் சொல்லி அதே படிவத்தின் அடியில் ஒரு வரி எழுத வேண்டும். பழைய அட்டையை முடக்கிப் புதிது கேட்க வேண்டும். மாதாமாதம் தானாகப் பிடிக்கப்படும் தொகைகள் என்னென்ன என்று கேட்டு, வேண்டாதவற்றை நிறுத்த வேண்டும். புது போனிலோ புது சிம்மிலோ யுபிஐ தொடங்கிய முதல் 24 மணி நேரம் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப விடாது. அது பாதுகாப்புக்காக வைத்த வரம்பு, கோளாறு என்று நினைத்துப் பதற வேண்டாம். வீட்டுச் செலவைத் தன் கணக்கிலிருந்து கணவரோ மகளோ செய்ய வேண்டும் என்று ஒரு பெண் விரும்பினால், பின்னைக் கொடுக்காமலே அதற்கு வழி இருக்கிறது. 2024இல் வந்த யுபிஐ சர்க்கிள் வசதியில் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு செலவையும் தான் அனுமதித்த பிறகே பணம் போகும்படி வைக்கலாம். அல்லது மாதம் 15,000 ரூபாய்க்குள் ஒரு வரம்பு போட்டு விட்டுவிடலாம். யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை என்பதுதான் ஆச்சரியம்.

ஸ்மார்ட்போன் இல்லை என்றாலும் வழி அடைத்துவிடவில்லை. பட்டன் போனில் *99# அழுத்தினால் இணையம் இல்லாமலே இருப்பைப் பார்க்கலாம், ஒரு முறைக்கு 5,000 ரூபாய் வரை அனுப்பலாம். 2022 மார்ச் 8 அன்று ரிசர்வ் வங்கி தொடங்கிவைத்த யுபிஐ 123பே குரல்வழிச் சேவையும் இருக்கிறது. *99# திரையில் பதில் கொடுக்கத் தாமதித்தால் இணைப்பு அறுந்து மறுபடி முதலிலிருந்து வரும். கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் முன்கூட்டியே தாளில் எழுதிவைத்துக்கொள்வது நல்லது.

போனே வேண்டாம், விரலை வைத்தால் போதும் என்று சொல்லப்படும் ஆதார் வழிப் பணம் எடுப்பில் சிக்கல் வேறு மாதிரி. சிமெண்ட் கலப்பவர்கள், பாத்திரம் தேய்ப்பவர்கள், பீடி சுற்றுபவர்கள் ஆகியோரின் விரல்ரேகை தேய்ந்துபோயிருக்கும். கருவி முதல் முறை ஏற்காது. "சரியா விழல, இன்னொரு விரல வைம்மா" என்பார் வங்கி முகவர். பெரும்பாலான முகவர்கள் நேர்மையானவர்கள்தான். ஆனால் ஒவ்வொரு முறை விரல் வைப்பதும் தனிப் பரிவர்த்தனை. முதல் முறையே பணம் கழிந்துவிட்டதா என்று தெரியாமல் இரண்டாவது முறை வைக்கக் கூடாது. தோல்வி என்றாலும் ரசீது அச்சாகி வரும்; அதைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே அடுத்த விரல். எஸ்எம்எஸ் தன் போனுக்கு வந்தால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும், மகனின் போனுக்குப் போனால் அவன் வீடு திரும்பிய பிறகுதான் தெரியும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, கருவியின் கண்ணாடியையும் துணியால் துடைக்கச் சொன்னால் தோல்விகள் குறையும். கட்டைவிரல் ஏற்காதபோது மோதிர விரல் ஏற்பதுண்டு. வேலையில் அதிகம் தேயாத விரல் அது. இந்த வசதியைப் பயன்படுத்தாதவர்கள் மைஆதார் இணையதளத்திலோ ஆதார் செயலியிலோ தங்கள் பயோமெட்ரிக்கைப் பூட்டிவைப்பது நல்லது. பத்திரப் பதிவு, ரேஷன் போன்ற இடங்களுக்குப் போகும்முன் சிறிது நேரம் திறந்துகொள்ளலாம். இதற்கும் ஆதாரில் தன் எண் இருக்க வேண்டும்.

அடிக்கடி கேட்கும் இன்னொரு புகார், "மாதம் தவறாமல் வந்த பணம் திடீரென்று நின்றுவிட்டது" என்பது. பெரும்பாலும் நின்றிருக்காது, வேறு கணக்குக்குப் போயிருக்கும். ஆதார் எண்ணை வைத்து அனுப்பப்படும் அரசுத் தொகை, கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை மானியத்துக்காக இணைக்க ஒப்புதல் கொடுத்தோமோ அந்த வங்கிக்குப் போகும். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் புதிதாக ஒரு சம்பளக் கணக்கு திறந்து, படிவத்தில் அந்தக் கட்டத்தில் டிக் அடித்திருந்தால், எரிவாயு மானியம் முதல் உதவித்தொகை வரை எல்லாம் அங்கே திரும்பிவிடும். அந்தக் கணக்கை மறந்தே போயிருப்பார்கள். மைஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலை என்ற பகுதியில் எந்த வங்கி என்று தெரியும். வேண்டிய வங்கியில் புதிதாக ஒப்புதல் படிவம் கொடுத்தால் மாறிவிடும். அப்படி மறந்த கணக்கு குறைந்தபட்ச இருப்பு கேட்கும் வகை என்றால், வந்த பணத்தில் அபராதமும் போகும். 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் முதல் முறை வந்தபோதே சில வங்கிகள் இப்படிப் பிடித்துக்கொண்டதும், அதை மாநில அரசு கண்டித்ததும் நினைவிருக்கலாம். அடிப்படை சேமிப்புக் கணக்குக்குக் குறைந்தபட்ச இருப்பே கிடையாது. சாதாரணக் கணக்கை அப்படி மாற்றித் தரும்படி எழுதிக் கேட்கலாம்.

சொந்தமாக வியாபாரம் செய்யும் பெண்களின் நிலை இன்னும் விசித்திரமானது. பூக்கடையில் அவர்தான் உட்கார்ந்திருப்பார், க்யூஆர் அட்டை மகனின் கணக்குக்கு. விற்பனை முழுவதும் மகனுடைய ஸ்டேட்மெண்டில் வருமானமாகப் பதிவாகும். நாளைக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போனால் இவரிடம் காட்ட ஒரு தாளும் இருக்காது. பிரதமரின் ஸ்வநிதி திட்டத்தில் தெருவோர வியாபாரிகளுக்கு முதல் தவணையாக 15,000, ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25,000, பிறகு 50,000 ரூபாய் வரை பிணையில்லாமல் கிடைக்கிறது. டிஜிட்டல் வரவுக்குக் கேஷ்பேக்கும் உண்டு. இதெல்லாம் யார் கணக்கில் வரவு விழுகிறதோ அவருக்குத்தான். க்யூஆர் அட்டையை மாற்றப் பத்து நிமிடம் போதும்.

வருங்கால வைப்புநிதியில் வேறொரு தலைவலி: இனிஷியல். திருமணத்துக்கு முன் அப்பா பெயரின் எழுத்து, பின் கணவர் பெயரின் எழுத்து. ஆதாரில் 'செல்வி குமார்', வங்கியில் 'க. செல்வி', யுஏஎன் எனப்படும் வைப்புநிதி உறுப்பினர் எண்ணின் பதிவில் வெறும் 'செல்வி' என்று மூன்று இடத்தில் மூன்று விதமாக இருந்தால், பணம் எடுக்க விண்ணப்பிக்கும்போது நிராகரிக்கப்படும். பெயரைத் திருத்தக் கூட்டு உறுதிமொழி (ஜாயின்ட் டிக்ளரேஷன்) வேண்டும். அதற்கு நிறுவனத்தின் ஒப்புதல் தேவைப்படும் நிலை வந்து, நிறுவனம் மூடிப்போயிருந்தால் மாதக்கணக்கில் இழுக்கும். திருமணமானால் இனிஷியலை மாற்றியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மாற்றினால் ஆதாரில் முதலில் மாற்றி, அதையே எல்லா இடத்திலும் எழுத்துக்கு எழுத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் புதுப்புது யுஏஎன் வாங்குவதும் கூடாது. பத்து ஆண்டு பணிக்காலம் சேர்ந்தால்தான் ஓய்வூதியத் தகுதி. மூன்று மில்லில் நான்கு நான்கு ஆண்டு வேலை பார்த்தவர் ஒரே எண்ணில் தொடர்ந்திருந்தால் தகுதி பெற்றுவிடுவார், ஒவ்வொரு முறையும் எடுத்துச் செலவழித்தவருக்கு ஒன்றும் இல்லை. இங்கேயும் யுஏஎன்னில் பதிவான கைப்பேசி எண் ஒப்பந்தக்காரரின் ஆளுடையது என்றால், பாஸ்புக்கைப் பார்க்கக்கூட அவரைக் கேட்க வேண்டியிருக்கும்.

கடன் விஷயத்தில் ஓடிபியின் கனம் இன்னும் அதிகம். இன்று பல கடன் ஒப்பந்தங்களில் ஓடிபி சொல்வதுதான் கையெழுத்து. கணவரின் பைக்குக்கு, உறவினரின் அவசரத்துக்கு என்று பெண்ணின் பெயரில் கடன் எடுத்துவிட்டுத் தவணை நின்றால், கெடுவது அவருடைய கடன் மதிப்பெண். சிபில் உட்பட நாட்டிலுள்ள நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி வாங்கினால் ஆண்டு முழுதும் கண்காணிக்கலாம். தெரியாத கடன் இருந்தால் உடனே ஆட்சேபம் பதிய வேண்டும். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. செயலிக் கடன்களில் தொகை நேராக வாங்குபவரின் கணக்கில்தான் விழ வேண்டும். எல்லாக் கட்டணத்தையும் சேர்த்து ஆண்டு வட்டி எவ்வளவு என்ற தகவல் தாளை முன்பே தர வேண்டும். போனிலுள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக் கூடாது. ஒரு செயலி தொடர்பு எண்களுக்கு அனுமதி கேட்டாலே அதை நீக்கிவிடலாம், வேறு ஆராய்ச்சி வேண்டாம். குழுக் கடன்களைப் பொறுத்தவரை, ஒரு குடும்பத்தின் எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காகத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. இரவு எட்டு மணிக்கு வாசலில் வந்து உட்காரும் வசூல்காரரிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

பணம் பறிபோனால் என்ன? சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு உடனே அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும்முன் முடக்கத்தான் இந்த எண், நாளைக்குப் பார்க்கலாம் என்றால் பயனில்லை. வங்கியிலும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் தவறு இல்லாமல் மூன்றாம் ஆளால் நடந்த மோசடியை மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்தால் முழு இழப்பும் வங்கியுடையது. பத்து வேலைநாளுக்குள் தொகையைத் திரும்ப வரவு வைக்க வேண்டும். ஆனால் பின்னையோ ஓடிபியையோ பகிர்ந்திருந்தால், புகார் கொடுக்கும்வரை போனது முழுவதும் வாடிக்கையாளர் தலையில். கணவரிடம் சொன்னது, மகனிடம் சொன்னது, முகவரிடம் சொன்னது எல்லாமே வங்கியின் கண்ணில் பகிர்தல்தான். குடும்பத்துக்குள் நடந்ததை மோசடி என்று நிரூபிப்பது மிகக் கடினம் என்பதால்தான் எண்ணைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. 30 நாளில் வங்கி பதில் தராவிட்டாலோ மறுத்தாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை; விவரம் கேட்க 14448.

வங்கிகளிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. ஒரே கைப்பேசி எண் எத்தனை கணக்குகளில் இருக்கிறது என்று அவர்களுடைய கணினியில் ஒரு நொடியில் தெரியும். உறவே இல்லாத பத்துப் பதினைந்து பெண்களின் கணக்கில் ஒரே எண் இருந்தால், கிளை மேலாளர் அவர்களை அழைத்துத் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். எண் மாற்ற வரும் பெண்ணிடம் "வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்பதை ஊழியர்கள் விட்டுவிட வேண்டும், கணக்கு அவருடையது, கையெழுத்தும் அவருடையதே போதும். சம்பளத்தை வங்கியில் போடும் நிறுவனங்கள், சேர்க்கைப் படிவத்தில் நிறுவன ஆட்களின் எண்ணை எழுதுவதைத் தடுக்க வேண்டும். தொழிலாளர் துறை ஆய்வுக்குப் போகும்போது சம்பளப் பதிவேட்டோடு இதையும் பார்க்கலாம்.

கிளைகள் திறந்திருக்கும் பத்து முதல் நான்கு மணி என்பது கூலிப் பெண்களுக்கு வேலை நேரம். எண் மாற்ற ஒரு நாள் கூலியை விட வேண்டும் என்றால் பலர் வரமாட்டார்கள். மாவட்டத்தின் வங்கிப் பணிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளர்கள் மாவட்டந்தோறும் பின்னலாடை நிறுவனங்கள், மில் விடுதிகள், சந்தைகள் உள்ள பகுதிகளில் ஞாயிற்றுக்கிழமை முகாம் போட வேண்டும். ஆதார் கருவி, வங்கிப் படிவம், தொலைபேசி நிறுவனத்தின் சிம் மேசை மூன்றும் ஒரே கூடாரத்தில், இந்த வரிசையிலேயே இருக்க வேண்டும்: முதலில் சிம், அடுத்து ஆதார், கடைசியில் வங்கி.

இப்படிக்கு,
வங்கிச் சேவை வழிகாட்டுதலில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்